அரசன் கையில் ஏன் மண்வெட்டி?

1807 ஜூன் மாதம் லண்டன் கடையொன்றில் விற்பனைக்கு வந்த ஒரு கேலிச்சித்திரத்தில் நெப்போலியன் மரக்கன்று நட்டுக்கொண்டிருக்கிறார். பாதி ஐரோப்பாவைத் தன் காலடியில் வைத்திருந்த பேரரசர் மண்ணோடு மல்லுக்கட்டுகிறார். வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'புதிய அரச வம்சம், அல்லது ராயல் பிப்பின் மரம் நடும் குட்டி கோர்சிகத் தோட்டக்காரன்' என்று வரும். கன்றின் உச்சியில் இலைகளுக்கு நடுவே ஒரு மனித முகம். அது மொய்ரா பிரபு. பழைய அரச குலங்களின் ரத்தம் தன் உடலில் ஓடுவதாகப் பெருமை கொண்டிருந்தவர். இன்னொரு பக்கம் பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவர்கள் கோடரியோடு 'ராயல் ஓக்' மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிப்பு எங்கே என்று கேட்பீர்கள். பிப்பின் என்பது ஒரு வகை ஆப்பிள். ஒட்டுக்கட்டாமல் விதையிலிருந்து முளைத்து வரும் ஆப்பிள் மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. பெப்பின் என்று ஒரு மன்னரும் இருந்தார். 751-இல் பிராங்க் நாட்டின் பழைய அரச குலத்தை இறக்கிவிட்டுத் தானே முடிசூடிக்கொண்டவர், சார்லமேனின் தந்தை. ஆப்பிளும் மன்னரும் காதில் ஒன்றாகவே விழும். 1806-இல் நெப்போலியன் தன் அண்ணனை நேப்பிள்ஸுக்கும் தம்பியை ஹாலந்துக்கும் அரசராக்கியிருந்தார். அரசர்களைக் கன்று நடுவதுபோல நட்டுக்கொண்டே போகிறான், வேரும் இல்லை வம்சமும் இல்லை என்பதுதான் பகடி. வெட்டுப்படும் ஓக் மரத்திலும் ஒரு கதை இருக்கிறது. 1651-இல் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஓர் ஓக் மரத்தில் ஒளிந்து உயிர் தப்பினார். அன்றிலிருந்து இங்கிலாந்தில் ஓக் என்றால் முடியாட்சி.

நம் மொழியில் இதற்குச் சிலேடை என்று பெயர். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்தார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். லண்டன் ஓவியர்களுக்குத் தோட்டம் அப்படியொரு சொல் சுரங்கம். வேர், கிளை, ஒட்டு, களை, புழு, எரு என்று அரசியலுக்கு இழுத்து வர முடியாத சொல் தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

சிலவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஜெர்மனியிலிருந்து வந்து ஆங்கிலேய மன்னரான முதலாம் ஜார்ஜை எதிரிகள் முள்ளங்கி இனத்துக் கிழங்கான டர்னிப் கொத்துகிறவன் என்று கேலி செய்தார்கள். 1760-களில் பிரதமரான பியூட் பிரபு தாவரவியலில் உண்மையான ஈடுபாடு கொண்டவர், கியூ தோட்டம் உருவாகத் துணை நின்றவர். ஆனால் சித்திரக்காரர்கள் அவரைப் பூட்ஸாகவே வரைந்தார்கள். பியூட், பூட், அவ்வளவுதான் சிலேடை. கூட்டம் தெருவில் பூட்ஸைத் தூக்கிவந்து எரித்தது. 1791-இல் கில்ரே பிரதமர் பிட்டைக் காளானாக வரைந்தார். அந்தக் காளான் முளைத்திருந்த குப்பைமேடு அரச கிரீடம். 1797-இல் 'சுதந்திர மரத்தை உடனே நட்டாக வேண்டும்' என்று ஒரு படம் போட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் ஊர் ஊராகச் சுதந்திர மரம் நட்டார்கள் அல்லவா, அதற்குப் பதில். அவர் நட்ட மரம் ஓர் ஈட்டி, அதன் நுனியில் எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸின் தலை.

நமக்கு மிகவும் பிடித்தது 1831-இல் வந்த அழுகிய மரத்தின் படம். அன்று பிரிட்டனில் ஆளே இல்லாத ஊர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் இருந்தது, வளர்ந்துவந்த தொழில் நகரமான மான்செஸ்டருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. அந்த ஆளில்லாத தொகுதிகளை மக்கள் 'அழுகல் தொகுதிகள்' என்றார்கள். ஓவியர் அந்தச் சொல்லை அப்படியே மரமாக்கினார். பட்டுப்போன மரம், கிளைதோறும் நீர்க்காகங்களின் கூடுகள், ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு தொகுதியின் பெயர். ஒரு பக்கம் சீர்திருத்தக்காரர்கள் கோடரி வீசுகிறார்கள், மறுபக்கம் வெலிங்டனின் ஆட்கள் மரம் சாயாமல் முட்டுக்கொடுக்கிறார்கள். தூரத்தில் ஒரு குன்றின்மேல் நின்று அரசரும் மக்களும் பார்க்கிறார்கள். குன்றின் பெயர் 'கான்ஸ்டிடியூஷன் ஹில்'. லண்டனில் உண்மையிலேயே அந்தப் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அரசியலமைப்பு என்றும் பொருள். அடுத்த ஆண்டே சட்டம் வந்து 56 அழுகல் தொகுதிகள் முற்றிலும் ஒழிந்தன. (மண்வெட்டி பிடித்த கூலிக்காரருக்கு அப்போதும் வாக்கு கிடைக்கவில்லை. அது வேறொரு நீண்ட கதை.)

ஆக, இந்தச் சித்திரங்கள் பெரும்பாலும் மேலே இருப்பவர்களைத்தான் அடித்தன. அரசர், அமைச்சர், பேரரசர் யாரையும் விடவில்லை. அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கும் கலை என்று இதை வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுவது நியாயமே. நாமும் கொண்டாடலாம். ஆனால் படத்தை இன்னொரு முறை பார்ப்போம்.

நெப்போலியன் கொலைகாரனாக வரையப்பட்டிருக்கலாம், கொள்ளைக்காரனாக வரையப்பட்டிருக்கலாம். வேறு படங்களில் அப்படியும் வரைந்தார்கள். இங்கே அவரைக் கீழே இறக்க ஓவியர் செய்தது ஒன்றே ஒன்று: தோட்ட வேலை கொடுத்தார். முந்தைய ஆண்டு இதே கில்ரே அவரை இஞ்சி ரொட்டி சுடுபவராக, அடுப்பிலிருந்து புதிய அரசர்களை வெளியே எடுப்பவராக வரைந்திருந்தார். ரொட்டிக்காரர், தோட்டக்காரர். வேலை செய்கிறவனாகக் காட்டினாலே போதும், அவமானம் தானாக வந்துவிடும் என்று ஓவியருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். சிலேடை மேலே போய்க் குத்துகிறது, சரி. அது கால் ஊன்றி எழும்புகிற இடம் எது? தோட்டக்காரரின் முதுகு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நாமல்ல. 1381-இல் இங்கிலாந்தில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது ஜான் பால் என்ற பாதிரியார் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: ஆதாம் மண் வெட்டி, ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பிரபு என்று யார் இருந்தார்? கேட்ட குற்றத்துக்கு அவரைத் தூக்கிலிட்டு உடலை நான்காக வெட்டினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்' நாடகத்தில் கல்லறை தோண்டுகிற இருவருக்கு அதே வாதத்தைச் சிலேடையாக்கிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் கைகளுக்கும் ஆயுதத்துக்கும் குலச்சின்னத்துக்கும் ஒரே சொல். குலச்சின்னம் உள்ளவன்தான் பெருமகன் என்றால் ஆதாமும் பெருமகன்தான், கையில்லாமல் எப்படித் தோண்டியிருப்பான் என்று தோண்டுகிறவன் வாதாடுகிறான். அரங்கம் சிரிக்கிறது. நாம் பார்த்தவரை, தோட்டம் பற்றிய பழைய ஆங்கிலச் சிலேடைகளில் மண்வெட்டி பிடித்தவன் தானே சொல்வதாக வருவது இது ஒன்றுதான்.

தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. அப்பர் கையில் இருக்கும் களைக்கொட்டுக்கு 'உழவாரப்படை' என்று பெயர். படை என்றால் கருவி, படை என்றால் ஆயுதம். கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அந்தக் கருவியோடு அவர் சிலையாக நிற்கிறார், கும்பிடுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. அதே புல்லைக் கூலிக்குச் செதுக்குகிறவர்களுக்குச் சிலை இல்லை. நந்தனாருக்கு உள்ளே போகவே வழியில்லை. கருவி ஒன்றுதான், பிடிக்கிற கையைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

கில்ரேயின் கதையைப் படித்தபோது எங்களை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. அவருடைய அப்பா போர்வீரர். 1745-இல் ஃபாண்டநாய் போரில் ஒரு கையை இழந்தவர். ஊருக்குத் திரும்பி, செல்சியில் மொரேவிய கிறிஸ்தவர்களின் இடுகாட்டைப் பராமரிக்கும் வேலையில் நாற்பது ஆண்டுகள் காலம் தள்ளினார். இடுகாட்டுப் பணியாளரின் மகன்தான் பேரரசரை அவமானப்படுத்த மண் வேலையைத் தேர்ந்தெடுத்தார். இதற்காக கில்ரேயைத் திட்டுவதற்கு இல்லை. அவருடைய படங்களை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். சாதாரணப் படம் ஒன்று ஒரு ஷில்லிங், வண்ணம் தீட்டியது இரண்டு ஷில்லிங். தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் உழைப்பு. கடை இருந்தது செயின்ட் ஜேம்ஸ் தெருவில், பிரபுக்களின் கிளப்புகள் வரிசையாக இருந்த தெருவில். ஏழைகள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். போதாக்குறைக்கு 1797-இலிருந்து பிட் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்து வந்தது. சந்தைக்கு எது சிரிப்போ அதை அவர் வரைந்தார்.

இந்தத் தந்திரத்தில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1778 முதல் 1780 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் தாமஸ் ரம்போல்டு. சென்னையில் சேர்த்த பணத்தோடு இங்கிலாந்து திரும்பினார். ஊழல் குற்றச்சாட்டு நாடாளுமன்றம்வரை போய், கடைசியில் ஒன்றுமில்லாமல் கைவிடப்பட்டது. 1783-இல் கில்ரே அவர் பெயரையே வினைச்சொல்லாக உருட்டி ஒரு படம் போட்டார். ஆனால் லண்டன் சீமான்கள் ரம்போல்டைப் பற்றி அதிகம் சிரித்தது எதற்குத் தெரியுமா? இளம் வயதில் அவர் ஒரு சூதாட்ட கிளப்பில் வேலைக்காரராக இருந்து ஷூவுக்குக் கறுப்புப் பூசினார் என்ற வதந்திக்கு. உண்மையில் அவர் பதின்ம வயதிலேயே கம்பெனி வேலையில் சேர்ந்துவிட்டவர். கர்நாடகப் பகுதியின் குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவர்களுக்குச் சிரிப்புமல்ல, அழுகையுமல்ல. ஷூ துடைத்தவன் ஆளுநரானான் என்பதுதான் அசிங்கம்.

ஷூ துடைப்பது என்றதும் தோழர்களுக்கு 1990 நினைவுக்கு வந்திருக்கும். அந்த ஆகஸ்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீட்டை வி.பி.சிங் அறிவித்ததும் டெல்லியில் ஆதிக்க சாதி மாணவர்கள் தெருவுக்கு வந்து ஷூ பாலிஷ் போட்டார்கள், துடைப்பம் எடுத்துச் சாலையைக் கூட்டினார்கள். 2006-இல் மீண்டும் அதே காட்சி. 'எங்களை இந்த நிலைக்குத் தள்ளிவிட்டீர்களே' என்பது செய்தி. அந்த நாடகத்தில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. கையில் துடைப்பம் இருந்தாலே இழிவு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையே வசனம். தினமும் அதே சாலையைக் கூட்டுகிறவர்கள் அன்றும் ஓரத்தில் நின்று பார்த்திருப்பார்கள். கில்ரேயின் நெப்போலியன் கையில் இருந்ததும் இதுவேதான்.

சொல் படமாகும் தந்திரம் அம்பேத்கரையும் விடவில்லை. 1949-இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரத்தில் அரசியலமைப்பு ஒரு நத்தை. 'நத்தை வேகம்' என்ற சொல்வழக்குக்கு உருவம் கொடுத்தாயிற்று. அதன்மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு. பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருந்த அந்தப் படத்தை 2012-இல் எதிர்ப்பு எழுந்தபின் நீக்கினார்கள். 'நகைச்சுவை உணர்வே இல்லையா?' என்று நம்மைக் கேட்டார்கள். இருக்கிறது. யாருக்குப் பின்னால் சாட்டை வந்தால் அது நகைச்சுவை, யாருக்குப் பின்னால் வந்தால் அது நினைவு என்பதையும் சேர்த்துப் படிக்கிற உணர்வு அது. அந்தக் காலத்து அம்பேத்கர் கேலிச்சித்திரங்களைத் திரட்டி உன்னமதி சியாம சுந்தர் 2019-இல் வெளியிட்ட நூல் கிடைத்தால் ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

நம் பக்கமும் கை சுத்தமில்லை. பிடிக்காத அரசியல்வாதியைத் தாக்க நம் இயக்கத் தம்பி தங்கைகள் அனுப்பும் மீம்களைப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவராக, டீ ஆற்றுகிறவராக, துடைப்பக்காரராக ஒட்டிவைத்த முகங்கள். அந்த ஆள் செய்த துரோகம் எத்தனை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வேலையைத் தூக்கி முகத்தில் ஒட்டினால் யாருக்கு வலிக்கும்? அவருக்கு வலிக்காது. அம்மா வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பிள்ளை அந்தக் குழுவிலேயே இருக்கும்.

சரி, உண்மையான தோட்டக்காரர்கள் எங்கே? பழைய அச்சுப்படங்களில் அவர்கள் இல்லாமலில்லை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் நிக்கோலா த லார்மெசான் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு விநோத உடை வரைந்தார். தோட்டக்காரரின் உடல் முழுக்கத் தோட்டக் கருவிகளும் செடிகொடிகளும் பழங்களும்தான். அழகான வேலைப்பாடு, பார்க்கச் சிரிப்பு வரும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஆள் எங்கே முடிகிறார், வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துவைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதியதை வகுப்பில் விளக்கச் சிரமப்படும்போது நாங்கள் இந்தப் படத்தைக் காட்டுவதுண்டு. பாரிஸில் அது விநோத உடை, கழற்றிவிடலாம். நம் ஊரில் அது தோல்.

பெயர் பெற்ற தோட்டக்காரரும் ஒருவர் உண்டு. நார்தம்பர்லாந்து கிராமத்தில் பிறந்து 1764-இல் அரசரின் தலைமைத் தோட்டக்காரரான லான்சலாட் பிரவுன். 'உங்கள் நிலத்துக்கு நல்ல கேப்பபிலிட்டி இருக்கிறது' என்று ஒவ்வொரு பிரபுவிடமும் சொல்வாராம், அதனால் அவர் பெயரே 'கேப்பபிலிட்டி பிரவுன்' ஆகிவிட்டது. நிலத்தைத் திருத்துவதை அன்று 'மேம்படுத்துவது' என்றார்கள். பிரவுனுக்கு முன்னால் தான் செத்துவிட வேண்டும், அவர் மேம்படுத்துவதற்கு முன்பு சொர்க்கத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ரிச்சர்ட் ஓவன் கேம்பிரிட்ஜ் என்ற கவிஞர் அவரிடமே சொன்னதாக ஒரு கதை. நல்ல நகைச்சுவைதான். ஆனால் டார்செட்டில் மில்டன் பிரபு தன் மாளிகை வாசலிலிருந்து பார்க்கும்போது ஊர் தெரியக்கூடாது என்று ஒரு முழு ஊரையே இடித்து, மக்களைக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்கில் வரிசை வீடுகளில் குடிவைத்தார். 1780-இல் முடிந்த அந்த வேலையில் பிரவுனுக்கும் பங்கு உண்டு. அந்த வீடுகளின் இன்றைய பெயர் மில்டன் அபாஸ், சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய ஊர் இருந்த இடம் புல்வெளி. மேம்பாடு என்ற சொல்லின் சிலேடை கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

அந்தப் புல்வெளிகளில் குனிந்து களை பறித்தவர்கள் பெண்கள், நாள்கூலிக்கு, ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. கணக்குப் புத்தகங்களில் 'களை பறிக்கும் பெண்கள்' என்று மொத்தமாக ஒரு வரி. களை என்றால் தமிழில் முகத்தின் பொலிவும் களைதான், காளமேகம் இருந்திருந்தால் ஒரு வெண்பா தேறியிருக்கும்.

பெயரோடு மிஞ்சிய ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் வேல்ஸில் அஸ்தும்லின் என்ற பண்ணை வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். அவனுடைய சொந்தப் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஜான் என்று பெயர் வைத்து, வீட்டின் பெயரையே குடும்பப் பெயராகவும் ஒட்டிவிட்டார்கள். ஜான் வெல்ஷ் மொழி கற்றார், தோட்டக்கலை கற்றார். 1754 தேதியிட்ட அவருடைய ஓவியம் ஒன்று இருக்கிறது. இளைஞனின் நேரான பார்வை, அதில் கேலி எதுவும் இல்லை. 1768-இல் மார்கரெட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார், 1786-இல் இறந்தார். 2021-இல் ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் என்ன சொல்லிச் சிரித்தார் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

தோட்டக்காரர் பக்கத்திலிருந்து சிலேடை கேட்க வேண்டுமானால் நாம் புனேவுக்குத்தான் போக வேண்டும். 1827-இல் பிறந்த ஜோதிராவ் பூலே மாலி சாதிக்காரர். மாலி என்றால் தோட்டக்காரர். குடும்பத்தின் பழைய பெயர் கோர்ஹே. பேஷ்வாக்களுக்குப் பூ கொடுத்து வந்ததால் பூக்காரர் என்ற பொருளில் பூலே ஆனது. பிறர் வைத்த தொழிற்பெயர். அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1873-இல் 'குலாம்கிரி' எழுதினார், அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஜோதிராவும் தோண்டிபாவும் பேசிக்கொள்ளும் அந்த நூலில் அவர் புராணங்களின் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேரைப் பார்க்கிறார். சத்திரியன் யார்? க்ஷேத்திரத்தை, வயலை, வைத்திருந்தவன். மகார் யார்? மகா அரி, ஆக்கிரமிக்க வந்தவனுக்குப் பெரும் பகைவன், கடைசிவரை பணியாமல் சண்டையிட்டவன், அதனால்தான் மிகக் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டவன்.

மொழியியல் அறிஞர்கள் இந்த வேர்ச்சொல் விளக்கங்களை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிப்பினுக்கும் பெப்பினுக்கும் நடுவில் இருந்தது என்ன மொழியியலா?